ஜூனியருக்குத் தராத கூலி

தென் மாவட்டம் ஒன்றில் சிவில் பக்கம் தொழில் செய்யும் வக்கீல் நான். பாரில் சீனியர் என்று பேர் வாங்கி வெகுகாலம் ஆகிறது. இந்த வயதில் ஒன்றை எழுதி வைத்துவிட நினைக்கிறேன். என் ஆபீஸில் வேலை பார்த்த ஜூனியர்களுக்கு நான் சம்பளம் தரவில்லை. கையில் இல்லையா என்றால், இருந்தது. தரவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர்கள் எழுதிக் கொடுத்த பிராதுகளில் வந்த ஃபீஸில் வீட்டுக்கு மாடி எடுத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அவர்களில் சிலர் தொழிலையே விட்டுப் போனார்கள். போனவர்களைப் பற்றி, 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது' என்று பார் ரூமில் உட்கார்ந்து பேசவும் செய்தேன்.

அதே காலத்தில் கல்லூரி கல்லூரியாகப் போய், சட்டம் படிக்க வாருங்கள் என்று மாணவர்களைக் கூப்பிட்டவனும் நான்தான்.

அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். ஏழைகளுக்காக வாதாடிய ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சி.யில் தொடங்குவேன். பெண்கள் வக்கீல் தொழில் செய்ய இருந்த தடையை 1923-ல் ஒரு சட்டம் நீக்கியதைச் சொல்வேன். பட்டியல் சாதியில் பிறந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான முதல் மனிதர், 1980-ல் அந்த இடத்துக்குப் போன ஏ. வரதராஜன், நம் மாநிலத்துக்காரர் என்பேன். 2021-ல் 'ஜெய் பீம்' படம் வந்தபிறகு, அதன் வக்கீல் நாயகனுக்கு மூலமான நீதிபதி சந்துருவின் பெயரைச் சொன்னாலே அரங்கில் கைதட்டல் எழும்.

பிறகு படிப்பு விவரம். பிளஸ் டூ முடித்தால் ஐந்து வருடம், டிகிரி முடித்தால் மூன்று வருடம். அரசு சட்டக் கல்லூரிகளில் மார்க்கைப் பார்த்து இடம் தருகிறார்கள். கட்டணமும் சாமானியர் கட்டக்கூடியதுதான். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போக கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவும் கூடுதல். பட்டம் வாங்கியபின் போகக்கூடிய இடங்களையும் வரிசையாக அடுக்குவேன். கோர்ட்டில் வக்கீலாகலாம். டி.என்.பி.எஸ்.சி. எழுதி சிவில் நீதிபதி ஆகலாம். ஏழு வருடத் தொழில் இருந்தால் மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடியாகவே போட்டியிடலாம். அரசுத் தரப்பில் உதவி வழக்கறிஞராகலாம், வங்கியில் சட்ட அதிகாரியாகலாம், கம்பெனிகளின் சட்டப் பிரிவுக்குப் போகலாம். ராணுவத்திலேயே சட்டப் பிரிவு இருக்கிறது. எல்.எல்.எம். படித்து நெட் எழுதினால் பேராசிரியர் வேலை.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் கோர்ட்டு வழியாகப் போகிற பாதைகள் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. அது ஒரு சீனியரின் ஆபீஸ். அங்கே முதல் சில வருடங்கள் கைக்கு ஒன்றும் வராது என்பதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அதை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா அம்மா படிக்க அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்லாமல் விட்டேன்.

யாராவது ஒரு பையன் எழுந்து, "ஆரம்பத்துல வருமானம் எப்படி சார்?" என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். "நான் பட்டினி கிடந்து முன்னுக்கு வந்தவன் தம்பி. முதல் அஞ்சு வருஷம் ஒரு பைசா பார்க்கல. உழைச்சா தொழில் கைவிடாது." கைதட்டுவார்கள்.

நான் பட்டினி கிடக்கவில்லை. என் சீனியர் சம்பளம் தரவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஊரில் எங்களுக்கு நஞ்சை இருந்தது. அறுப்பு முடிந்ததும் அரிசி மூட்டை பஸ்ஸில் ஏறி வந்துவிடும். தங்கியது தாய்மாமா வீட்டு மாடியில், வாடகை கிடையாது. அத்தை காபி கொடுத்து எழுப்புவார். கவுன் தைத்ததும், முதல் செட் சட்டப் புத்தகங்கள் வாங்கியதும் அப்பா காசில். ஐந்து வருடம் என்னைச் சுமந்தது நிலமும் உறவும். அந்த இரண்டையும் மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் எடுத்துச் சொன்னேன். நிலமோ மாமா வீடோ இல்லாத பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, தன்னால் முடியாமல் போனபோது குறை தன்னிடம்தான் என்று நினைத்திருக்கும். என் பேச்சு செய்த பெரிய கெடுதல் அது.

ஒரு ஜூனியரின் நாள் எப்படிப் போகும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. காலையில் எனக்கு முன்னால் வந்து அன்றைய கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும், டைரியில் வாய்தா தேதிகளைச் சரிபார்க்க வேண்டும். முன்சீப் கோர்ட்டில் வழக்கைக் கூப்பிடுகிற நேரத்தில் நான் சப் கோர்ட்டில் நின்றிருப்பேன். ஜூனியர் எழுந்து பாஸ் ஓவர் கேட்பார். நீதிபதி கோபப்பட்டால் அந்தக் கோபமும் அவருக்குத்தான். மதியத்துக்கு மேல் நகல் மனு, பேட்டா கட்டுவது, பத்திரப்பதிவு ஆபீஸில் வில்லங்கம் பார்ப்பது. சாயங்காலம் கட்சிக்காரர்கள் வந்து அவரவர் கதையைச் சொல்வார்கள். அதைக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். அவர்கள் போனபிறகுதான் டிராஃப்டிங். இத்தனையும் செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு நான் கொடுத்தது என்ன? கூடச் சேர்ந்து குடித்த டீ. தீபாவளிக்கு ஒரு சட்டைத் துணி.

என் மேஜை இழுப்பறையில் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு. வழக்கு வாரியாகச் செலவு எழுதியிருக்கும். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா ஃபீஸ், வண்டிச் சத்தம். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஜூனியருக்கென்று ஒரு வரி கிடையாது.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். நான் பேசிய ஒரு கூட்டத்தில் என் பேச்சைக் கேட்டவராம். எந்தக் கூட்டம் என்று எனக்கு நினைவில்லை, அவருக்கு இருந்தது.

அப்போது ஒரு வரப்புத் தகராறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கட்சிக்காரர் சின்ன விவசாயி. எதிர்த் தரப்பின் கிரயப் பத்திரத்தில் சர்வே எண்ணும் பரப்பும் சரியாகவே இருந்தன. அதைப் படித்துவிட்டு, சமாதானம் பேசிவிடலாம் என்ற முடிவில் இருந்தேன். அந்தப் பெண் நகல் மனுப் போட்டு மூலப் பத்திரத்தை வாங்கினார். புலப்படத்தை மேஜையில் விரித்து, நான்கு மாலையும், அதாவது நான்கு எல்லைகளையும், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். மூலப் பத்திரத்தில் கிழக்கு மால் வண்டிப்பாதை. பிந்திய கிரயத்தில் கிழக்கு மால் ஓடை. பாதைக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். விற்றவருக்கே பாத்தியம் இல்லாத அந்தத் துண்டு கிரயத்துக்குள் நுழைந்திருந்தது. "அவருக்கு இல்லாத இடத்தை அவர் எப்படி சார் எழுதிக் குடுக்க முடியும்?" என்று கேட்டார். குறுக்கு விசாரணைக்கான கேள்விகளையும் அவரே எழுதிக் கொடுத்தார். நான் கேட்டேன். ஜெயித்தோம்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் கட்சிக்காரர் மீதி ஃபீஸை மஞ்சள் பையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் எண்ணி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். குமாஸ்தாவுக்கு ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண்ணிடம், "நல்லா பாயிண்ட் புடிச்சம்மா" என்று மட்டும் சொன்னேன்.

சில வாரம் கழித்து, கட்சிக்காரர்கள் எல்லாம் போனபிறகு, அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், மாசம் ஏதாவது ஒரு தொகை... பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அப்பாகிட்ட இனிமே கேக்க முடியல சார்." நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "தொழில் கத்துக்கிட வந்திருக்கியா, சம்பளத்துக்கு வந்திருக்கியாம்மா?" அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மாதக் கடைசியில் தன் கையிலிருந்த கட்டுகளுக்கெல்லாம் அடுத்த வாய்தா என்ன, என்ன வேலை பாக்கி என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

அதே சமயம் ஆபீஸில் இன்னொரு ஜூனியரும் இருந்தார். அப்பா வக்கீல், என் நண்பர். பைக்கும் பெட்ரோலும் வீட்டுச் செலவு, மத்தியானச் சாப்பாடு அம்மா கட்டிக் கொடுப்பது. நல்ல பையன், உழைப்பாளி, அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அவர் நிலைத்து நின்றார், இன்று தனி ஆபீஸ் வைத்திருக்கிறார். அவரைக் காட்டி, 'பொறுமையா இருந்தான், மேல வந்தான்' என்று மற்றவர்களிடம் சொல்வேன். இருவரின் பொறுமையையும் நிறுத்துப் பார்த்ததாக எனக்கு நினைப்பு. நான் நிறுத்தது அவர்களுடைய அப்பாக்களின் மடியை.

சம்பளம் இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்கலாமே என்று யாரும் நினைக்கலாம். பார் கவுன்சில் விதி அதற்கு இடம் தராது. தொழில் செய்கிற வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. போனால் சன்னதை, அதாவது வக்கீல் பதிவை, நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு கதவை விதி சாத்தியது, மற்றக் கதவைச் சாத்தியது நான்.

இப்போது இந்தச் சங்கதி இன்னும் இறுகிவிட்டது. தமிழ்நாட்டில் சட்டம் முடித்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுத முன்பு வழி இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மூன்று வருடத் தொழில் அனுபவம் இருந்தால்தான் எழுதலாம் என்றது. கோர்ட்டையே பார்க்காதவர் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற நோக்கத்தில் எனக்கும் சம்மதம் உண்டு. அந்த அனுபவத்துக்குச் சான்று கொடுக்கும் உரிமை, மாவட்ட நீதிபதியின் மேலொப்பத்தோடு, குறைந்தது பத்து வருடம் தொழில் செய்த வக்கீலிடமும் வந்திருக்கிறது. அதாவது என்னைப் போன்றவர்களிடம். நாங்கள் கூலி தராமல் வைத்திருந்தால், விசைத்தறித் தொழிலாளியின் மகள் நீதிபதி ஆகும் வழியையும் நாங்களே அடைக்கிறோம்.

அதற்கு முன்பே, 2024 ஜூன் மாதம், சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கூலியைப் பற்றிப் பேசியது. ஜூனியர்களிடம் சம்பளம் தராமல் வேலை வாங்குவது சுரண்டல் என்று சொல்லி, சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் பார் ரூமில் ஒரே சத்தம். அதில் என் குரலும் பெரிதாகவே கேட்டது. "நாமதான் அவங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுக்கோம். நியாயப்படி அவங்க நமக்குல்ல குடுக்கணும்" என்றேன். பலரும் தலையாட்டினார்கள்.

ஆபீஸுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் குமாஸ்தா என்னோடு தலை நரைத்தவர். கட்டுகளைக் கட்டியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஐயா, நானும் வேலை தெரியாமத்தான் வந்தேன். வக்காலத்துல எங்க ஸ்டாம்ப் ஒட்டணும்னுகூடத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. ஆனா மொத மாசமே சம்பளம் போட்டீங்கள்ல."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆயுள் முழுக்க வாதாடிச் சம்பாதித்தவன், அந்த ஒரு கேள்வியைத் தாண்ட முடியவில்லை. கற்றுக்கொடுத்ததற்காகக் குமாஸ்தாவின் சம்பளத்தை நான் பிடிக்கவில்லை. டைப்பிஸ்டுக்கு மாதக் கணக்கு, ஜெராக்ஸ் கடைக்கு மாதக் கணக்கு. ஐந்து வருடம் சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதிவிட்டு வந்தவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. 'மரபு' என்று சொல்லிவந்தேன். உண்மையில், வற்புறுத்திக் கேட்கத் துணியாதவர்களுக்கு மட்டும் நான் கொடுக்காமல் இருந்தேன்.

அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். தவணை தவறியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் பிரிவு. சன்னதை நிறுத்தி வைத்திருக்கிறார். நான் செய்தது தப்பு என்றேன். "பரவால்ல சார், எல்லா ஆபீஸிலயும் அப்படித்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. சேரவேண்டிய தொகையைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன் என்றபோது, "இப்ப எதுக்கு சார், வேண்டாம்" என்று முடித்துவிட்டார். பத்திரத்தில் பாதையையும் ஓடையையும் கண்டுபிடித்த அந்தக் கண் இன்று கோர்ட்டில் இல்லை. அது எனக்கு மட்டும் நஷ்டமில்லை. நல்ல வக்கீல் கிடைக்காமல் சமாதானத்துக்குப் போன எத்தனையோ சின்ன விவசாயிகளின் நஷ்டம்.

இப்போது என்னிடம் இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள். முதல் தேதி 15,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் வருமானத்துக்கு இதை என்றைக்கோ கொடுத்திருக்க முடியும். உயர் நீதிமன்றமும் குமாஸ்தாவும் சொல்லும்வரை கொடுக்கவில்லை.

கல்லூரிகளில் இப்போதும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். வ.உ.சி.யையும் வரதராஜனையும் சொல்கிறேன். கூடவே மற்றதையும் சொல்கிறேன். பதிவுக் கட்டணத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயப்படவேண்டியது அதற்கப்புறம் வரும் மூன்று வருடத்தைப் பார்த்து. படிக்கிற காலத்திலேயே அந்த மூன்று வருடத்துக்கு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருடம் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2020-ல் அறிவித்தது. அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு விண்ணப்பியுங்கள். கிரிமினல் பக்கம் ஆர்வம் இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். ஏழைக் கைதிகளுக்காக வாதாடச் சம்பளத்துக்கு வக்கீல் வைக்கும் முறை 2022-லிருந்து மாவட்டங்களுக்கு வந்திருக்கிறது, அதில் புதியவர்களுக்கும் இடம் உண்டு. வங்கிக்கோ கம்பெனிக்கோ போவதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதுவும் சட்டப் படிப்பின் நேரான பாதைதான். சீனியரிடம் சேரும்போது மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று உங்களுக்குச் சொல்லிவைத்தது நாங்கள்தான். அதை நம்பாதீர்கள்.

என் தொழில் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா சீனியரிடமும் பணம் இல்லை. தாலுகா கோர்ட்டில் ஒரு நாளைக்கு ஒரு வாய்தாவோடு வீடு திரும்புகிறவர் இருக்கிறார், எனக்குத் தெரியும். முடியாதவர் ஜூனியரை வைத்துக்கொள்ள வேண்டாம், அல்லது இரண்டு சீனியர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஜூனியர் எழுதிய ஒவ்வொரு பிராதுக்கும் ஃபீஸில் ஒரு பங்கு என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கலாம். வழி ஆயிரம் இருக்கிறது. முடிகிறவர்களாகிய நாம் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் இத்தனை காலத்துக் குற்றம். அதில் என் பங்கை ஒப்புக்கொண்டுவிட்டேன். வருகிற முதல் தேதிக்குள் உங்கள் ஜூனியரைக் கூப்பிட்டு, அவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். அவர் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.